இருப்புப் பதிவேட்டில் ஒரு பெண்

எனக்குப் பத்து வயது இருக்கும். மாசி மகத்துக்குச் சித்தப்பா என்னை வைத்திக்குப்பம் கூட்டிப்போனார். தீர்த்தவாரி பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் ஒரு கூடாரம். வாசலில் ஓர் ஆள், "பாம்பு உடம்பு, பெண் தலை, பேசும் அதிசயம்!" என்று கூவிக்கொண்டிருந்தான். டிக்கெட் பத்துக் காசு. உள்ளே மேஜைமேல் சுருண்டு கிடந்த பாம்பு. அதன் கழுத்தில் என் அக்கா வயதுப் பெண்ணின் முகம். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாள். "எல்லாம் கண்ணாடி வேலைடா" என்றார் சித்தப்பா. நடுவில் அவள் ஒரு கொட்டாவி விட்டாள். அறுபது வருஷம் கழித்தும் என் மனசில் நிற்பது அந்தக் கொட்டாவிதான்.

உங்களில் பலரும் இப்படி ஒரு கூடாரத்துக்குள் நுழைந்திருப்பீர்கள். இதே சரக்கைப் பெரிய கட்டடத்தில் அடுக்கி, மியூசியம் என்று பெயர் வைத்துக் காசு பார்த்தவர் அமெரிக்காவின் பி. டி. பார்னம். நியூயார்க்கில் பிராட்வே தெருவில் இருந்த பழைய மியூசியம் ஒன்றை 1841-இல் வாங்கி, அடுத்த வருஷம் திறந்தார். நுழைவுக் கட்டணம் 25 சென்ட். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பார்க்காமல் போகாத இடமாக அது ஆயிற்று. குரங்கின் மேலுடம்பையும் மீனின் வாலையும் சேர்த்து ஒட்டியதை ‘ஃபிஜித் தீவுக் கடல்கன்னி’ என்று 1842-இல் காட்டினார். ஜனம் முண்டியடித்தது. உள்ளே போனவர்கள் லேசில் வெளியே வராததால் ‘ஈக்ரஸுக்கு இந்த வழி’ என்று ஒரு பலகை மாட்டினாராம். ஏதோ புது மிருகம் என்று ஓடியவர்கள் தெருவில் போய் நின்றார்கள். அந்தச் சொல்லுக்கு வெளியேறும் வழி என்றுதான் அர்த்தம். 1865 ஜூலையில் அந்தக் கட்டடம் தீப்பிடித்து எரிந்துபோயிற்று.

இதுவரைக்கும் சிரிக்கலாம். ஏமாந்தவனுக்கு நஷ்டம் 25 சென்ட், அவ்வளவுதான். ஆனால் பார்னம் இந்தத் தொழிலில் இறங்கியதே 1835-இல், ஜாய்ஸ் ஹெத் என்ற கறுப்பினக் கிழவியை வைத்துத்தான். கண் தெரியாத, கைகால் விளங்காத அந்த அடிமைப் பெண்ணைக் காட்டும் உரிமையை விலைக்கு வாங்கி, வாஷிங்டனை வளர்த்த தாதி, வயது 161 என்று ஊர் ஊராகக் காட்டினார். மறு வருஷம் அவள் இறந்ததும், பிரேதப் பரிசோதனைக்கும் டிக்கெட் போட்டார். சுமார் 1,500 பேர் காசு கொடுத்துப் பார்த்தார்கள். வயது எண்பதுக்கு மேல் இராது என்றார் அறுத்துப் பார்த்த டாக்டர்.

பார்னம் வியாபாரி என்று தள்ளிவிடலாம். படித்தவர்கள் என்ன செய்தார்கள்? ஓர் எலும்பைக் கொடுத்தால் முழு மிருகத்தையும் சொல்லிவிடுவார் என்று பெயர் வாங்கிய பாரிஸ் விஞ்ஞானி குவியே. பள்ளிக்கூடத்தில் அவர் பெயரைப் பக்தியோடு படித்தவன் நான். தென்னாப்பிரிக்காவின் கொய்கொய் இனத்துப் பெண் சாரா பார்ட்மன். பெருத்த பின்புறத்துக்காக அவளை 1810-இல் லண்டனிலும், 1814 முதல் பாரிஸிலும் காட்சிப்பொருளாக வைத்தார்கள். பாரிஸில் அவளைக் காட்டியவன் மிருகங்களைப் பழக்குகிறவன். 1815 கடைசியில் அவள் இறந்தாள். உடம்பை அச்சு வார்த்து, அறுத்து, எலும்புக்கூட்டைத் தனியே எடுத்து, மூளையையும் பெண்ணுறுப்பையும் புட்டியில் போட்டு வைத்தவர் அதே குவியே. எலும்புக்கூடும் அச்சும் பாரிஸின் ‘முய்சே த லோம்’ என்ற மனித மியூசியத்தில் 1970-கள் வரை பார்வைக்கு இருந்தன. நாம் மீசை முளைத்து வேலைக்குப் போன காலம் அது!

1994-இல் நெல்சன் மண்டேலா அவளைத் திருப்பிக் கேட்டார். கிடைக்க எட்டு வருஷம் ஆயிற்று. காரணம் என்ன தெரியுமா? அரசு மியூசியத்தின் சேகரிப்பில் உள்ள பொருளை யாருக்கும் கொடுக்க முடியாது என்பது அப்போது பிரான்ஸின் சட்டமாக இருந்தது.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. நான் ஆயுசெல்லாம் குமாஸ்தா. ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏறிய நாற்காலி கால் உடைந்து கிடந்தாலும், மேலிடத்து உத்தரவு இல்லாமல் கழிக்க முடியாது. "ரூல் இல்லை" என்று நானே எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்! அதே மாதிரி ஒரு மனுஷியின் எலும்பும் ஸ்டாக்கில் ஏறிவிட்டது. கழிப்பதற்குப் பார்லிமெண்டே சட்டம் போட வேண்டியிருந்தது. 2002 மார்ச் 6-ஆம் தேதிச் சட்டம் அது. பிரெஞ்சிலேயே தேடிப் படித்தேன். ஒரே ஒரு ஷரத்து. இன்று முதல் அவள் சேகரிப்பில் சேர்ந்தவள் அல்ல, இரண்டு மாதத்துக்குள் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. அத்தனை வருஷ சர்வீஸில் எத்தனையோ உத்தரவுகளை நகல் எடுத்திருக்கிறேன். கண் கலங்கியது இதைப் படித்துத்தான்.

அந்த வருஷம் ஆகஸ்ட் 9-ஆம் தேதி, தென்னாப்பிரிக்கப் பெண்கள் தினத்தன்று, ஹாங்கி என்ற ஊரில் அவளை அடக்கம் செய்தார்கள். செத்து 186 வருஷம் கழித்து.

இப்போதும் சுற்றுலா ஊர்களில் விசித்திர மியூசியங்களுக்குக் குறைவில்லை. இரண்டு தலைக் கன்றுக்குட்டி, அரிசியில் எழுதிய படம். பேரப்பிள்ளைகள் இழுத்தால் நானும் போகிறேன், ரசிக்கிறேன். அதில் தப்பில்லை.

அன்றைக்குக் கூடாரத்தை விட்டு வெளியே வந்ததும் சித்தப்பாவிடம் ஒன்று கேட்டேன்: "அந்த அக்கா எப்ப சாப்புடும்?" அவர் சிரித்தார். பதில் சொல்லவில்லை. லண்டனிலும் பாரிஸிலும் வரிசையில் நின்றவர்களில் ஒருவராவது சாராவைப் பற்றி அப்படிக் கேட்டிருப்பார் என்று நம்பத்தான் ஆசை.