ஈரல் நோயும் அளவுகோலும்

நம் உடலுறுப்புகளுள் ஈரல் பெரும் பொறுமையுடையது. அழற்சி பற்றிய பின்னரும் பல ஆண்டுகள் நோவின்றி உழைக்கும். அவ்வாறு மறைந்து கிடக்கும் நோயை அறிய மருத்துவர் எங்ஙனம் வழி கண்டனர்? அவ்வழியே அவர்களை எங்ஙனம் மயக்கவும் செய்தது? அவ்வரலாறு அறியத்தக்கது.

ஈரலின் உயிரணுக்களுக்குள் சில நொதிகள் உள்ளன. அணுக்கள் சிதையுங்கால் அவை குருதியிற் கலக்கின்றன. 1955-ஆம் ஆண்டில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் தெ ரித்திஸ் என்பவரும் அவருடைய துணைவர்களும் ஈரல் அழற்சியுற்றோர் குருதியில் இந்நொதிகள் மிகுந்திருத்தலைக் கண்டனர். அன்று முதல் சிறிதளவு குருதியே ஈரலின் நிலையை உரைப்பதாயிற்று.

1975-இல் அமெரிக்க ஆய்வாளர் ஒரு புதிரைக் கண்டனர். பிறர் குருதி ஏற்றப்பெற்றோர் பலருக்கு ஈரல் அழற்சி உண்டாயிற்று. அது ‘ஏ’ வகையுமன்று, ‘பி’ வகையுமன்று. காரணமான வைரஸ் அகப்படாமையால் நொதியின் அளவே பெரும்பாலும் வழிகாட்டியாக நின்றது. 1986-இல் ஹூஃப்நேகிள் என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும் நோயாளர் பதின்மருக்கு இன்டர்ஃபெரான் மருந்தளித்தனர். எண்மருக்கு நொதி விரைந்து தாழ்ந்தது. ஆயின், சிலருக்கு மருந்தை நிறுத்தியதும் அது மீண்டும் உயர்ந்தது. அளவு தாழ்ந்ததேயன்றி, பகை அழியவில்லை!

1989-இல் ஹௌட்டன் குழுவினர் ‘சி’ வைரஸைக் கண்டறிந்தனர். அதன் பின்னரே மருத்துவர், ‘நொதி குறைந்ததா?’ என்பதோடு அமையாமல், ‘குருதியில் வைரஸ் ஒழிந்ததா?’ என்றும் வினவலாயினர். ஈரலைக் காக்கும் என நம்பப்பெற்ற சிலிமரின் என்னும் மூலிகைச் சாரமும் ஆராயப்பெற்றது. இன்டர்ஃபெரானால் குணமடையாத ‘சி’ நோயாளரிடம் அது வெற்று மாத்திரையினும் மிகுதியாக நொதியைக் குறைக்கவில்லை என 2012-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது.

2013-இல் அமெரிக்காவில் இசைவு பெற்ற சோஃபோஸ்புவிர் மருந்து, வைரஸ் பெருகுதற்கு வேண்டும் நொதியையே தடுத்தது. இன்று இத்தகைய மருந்துகளைச் சேர்த்து எட்டு முதல் பன்னிரண்டு வாரம் உண்போருள் நூற்றுக்குத் தொண்ணூற்றைவருக்கு மேல் நலமடைகின்றனர். பகை ஒழியவே ஈரலின் நொதியும் தானே தாழ்கின்றது. வைரஸைக் கண்டறிய உழைத்த ஆல்ட்டர், ஹௌட்டன், ரைஸ் மூவரும் 2020-இல் நோபெல் பரிசு பெற்றனர்.

நொதி உயர்வு நோயன்று, நோயின் அறிவிப்பே. வைரஸும், மதுவும், கொழுப்பும், சில மருந்துகளுங்கூட அதனை உயர்த்தும். அளவு இயல்பாயிருப்பினும் நோய் ஒளிந்திருத்தல் கூடும். ஆதலின், எண்ணைக் குறைக்க மருந்து தேடுமுன் காரணத்தைத் தேடுதல் வேண்டும். முப்பத்து நான்காண்டுகள் முயன்று மருத்துவ உலகம் கற்ற பாடம் இதுவே.