கூடங்குளத்துக் கணிப்பொறியும் நம் வீட்டுக் கணிப்பொறியும்

சாத்தூரை அடுத்த இருக்கன்குடிக்கு நீங்கள் போயிருக்கலாம். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் அணைத்து ஓடும் சிற்றூர் அது. ஆடிக் கடைசி வெள்ளியன்று மாரியம்மனைக் காணப் பெருங்கூட்டம் கூடும். மற்ற நாட்களில் கதவை வெறுமனே சாத்திவிட்டு அடுத்த தெருவுக்குப் போகிறவர்கூட அன்றைக்குப் பூட்டைப் போட்டு, ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டே போவார். வருகிறவர்கள் எல்லாரும் கள்வர்கள் என்பதனால் அன்று. யார் எவர் என்று அறிய முடியாத கூட்டம் என்பதனால். இணையத்தோடு இணைந்த கணிப்பொறியின் வாசலில் நாள்தோறும் ஆடி வெள்ளிதான். இந்த உண்மையை உலகம் ஒரே நாளில் கற்றுக்கொள்ளவில்லை.

1986-இல் லாகூரிலிருந்து கிளம்பிய ‘பிரெய்ன்’ என்ற வைரஸ் நெகிழ்வட்டுகளின் வழியே பரவியது. அது ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் போக, யாராவது ஒருவர் அந்த வட்டைக் கையில் எடுத்துச் செல்ல வேண்டும். 1988 நவம்பர் 2 அன்று அந்த நிலை மாறியது. அமெரிக்க மாணவர் ராபர்ட் மாரிஸ் எழுதிய நிரல் ஒன்று, கணிப்பொறிகளின் மென்பொருளில் இருந்த பிழைகளைப் பயன்படுத்தியும், எளிய கடவுச்சொற்களை ஊகித்தும், வலையமைப்பின் வழியே தானாகவே ஊர்ந்து சென்றது. அதனால் அதனைப் ‘புழு’ என்றார்கள். அன்றைய இணையத்தில் இருந்த சுமார் 60,000 கணிப்பொறிகளில் 6,000 பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பது அப்போதைய மதிப்பீடு. இத்தகைய அவசர நிலைகளைக் கவனிக்க, அதே மாதத்தில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு தோன்றியது.

நம் நாட்டில் 1995 ஆகஸ்டு 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. அதுவரை தனி வீடாக இருந்த கணிப்பொறி, தொலைபேசிக் கம்பியின் வழியே திருவிழாத் தெருவுக்கு வந்து சேர்ந்தது. ஆனால் பூட்டுப் போடும் பழக்கம் உடனே வந்துவிடவில்லை.

அதன் விளைவை 2003 ஆகஸ்டில் கண்டோம். விண்டோஸில் இருந்த ஒரு பிழைக்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் ஜூலை 16 அன்றே திருத்தம் வெளியிட்டிருந்தது. 26 நாட்கள் கழித்து, அதே பிழையின் வழியே ‘பிளாஸ்டர்’ என்ற புழு புறப்பட்டது. அது நுழைய நீங்கள் எந்தக் கடிதத்தையும் திறக்க வேண்டியதில்லை. கணிப்பொறி இணைப்பில் இருந்தாலே போதும். திரையில் 60 விநாடி எண்ணிக்கை ஓடும்; பிறகு கணிப்பொறி தானாக அணைந்து மீண்டும் எழும். இத்தனைக்கும் விண்டோஸ் எக்ஸ்பியில் காவல் சுவர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அது முடுக்கப்படாமல் கிடந்தது! 2004 ஆகஸ்டில் வந்த திருத்தத் தொகுப்புதான் அதனைத் தொடக்கத்திலேயே முடுக்கி வைத்தது. அதே ஆண்டு ஜனவரியில் இந்தியாவுக்கான அவசரக் குழுவான ‘செர்ட்-இன்’ பணியைத் தொடங்கியிருந்தது.

அந்தக் காவலுக்குத் ‘தீச்சுவர்’ என்று பெயர். சிவகாசி வட்டாரத்து மக்களுக்கு இதனை விளக்கவே வேண்டாம். பட்டாசுத் தொழிற்சாலையை ஒரே பெரிய கட்டடமாகக் கட்டுவதில்லை. சிறுசிறு அறைகள், அறைக்கும் அறைக்கும் இடைவெளி, ஓர் அறையில் இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்ற வரையறை. இந்த விதிகள் மீறப்பட்ட இடங்களில், ஓர் அறையில் பிடித்த தீ எத்தனை குடும்பங்களை அழித்தது என்பதை நாம் கண்டிருக்கிறோம். தீயே பிடிக்காது என்று நம்பி எழுதிய விதி அன்று இது. பிடித்தால் பரவக் கூடாது என்று எண்ணி எழுதிய விதி.

கூடங்குளம் அணுமின் நிலையத்தில் நடந்ததும் இதனையே காட்டுகிறது. 2019 செப்டம்பர் 4 அன்று செர்ட்-இன் அமைப்பு அங்கே ஒரு தீய நிரல் இருப்பதைக் கண்டு தெரிவித்தது. அக்டோபர் இறுதியில் செய்தி வெளியே கசிந்தது. நிலையத்தின் கட்டுப்பாட்டு அமைப்புகள் வெளி வலையமைப்புகளோடு தொடர்பற்றவை, அவற்றைத் தாக்க இயலாது என்று 29-ஆம் தேதி நிலையம் அறிவித்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம், தீய நிரல் காணப்பட்டது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டது. நிருவாகப் பணிகளுக்காக இணையத்தோடு இணைந்திருந்த ஒரு கணிப்பொறியில்தான் அது புகுந்தது. முக்கியமான உள்வலை அதனின்று பிரிக்கப்பட்டிருந்தது என்று விசாரணை கண்டது.

ஆய்வாளர்கள் அந்த நிரலை ‘டிட்ராக்’ என்று இனங்கண்டார்கள். விசைப்பலகையில் தட்டுவதைக் குறித்துக்கொள்வதும், உலாவியின் வரலாற்றைத் திரட்டுவதும் அதன் தொழில். உடைக்க வந்ததன்று, உளவறிய வந்தது. அறைகள் தனித்தனியே இருந்ததனால் உலை தப்பியது. ஆனால் முதல் நாளிலேயே முழு உண்மையையும் சொல்லியிருந்தால், அணு உலையைக் குறித்து ஏற்கெனவே அஞ்சியிருந்த மக்களின் ஐயம் வளர்ந்திராது.

பிரித்துவைத்தால் மட்டும் போதுமா? போதாது. ஈரானின் நட்டான்ஸ் ஆலையைத் தாக்கி, 2010-இல் வெளிப்பட்ட ‘ஸ்டக்ஸ்நெட்’, பென்டிரைவின் வழியேயும் பரவ வல்லது. இணைப்பே இல்லாத இடத்துக்கும் மனிதன் கையிலேயே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறான்!

இனி நம் வீட்டுக்கு வருவோம். அணுமின் நிலையத்தில் இரண்டு வலைகள் உண்டு. நம் வீட்டிலோ ஒரே கணிப்பொறியில் வங்கிக் கணக்கு, பிள்ளையின் பாடம், திருமணப் படம் எல்லாம் கிடக்கின்றன. ஆகவே அறைகளை நாமே கட்டிக்கொள்ள வேண்டும். அன்றாடப் பயன்பாட்டுக்கு நிருவாக உரிமை இல்லாத தனிக் கணக்கு ஒன்று வையுங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் வெவ்வேறு கடவுச்சொல் வையுங்கள். தீச்சுவரை ஒருபோதும் அணைக்காதீர்கள். முக்கியமான கோப்புகளை வெளி வட்டில் பிரதி எடுத்து, அந்த வட்டைக் கழற்றி வையுங்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல்களுக்கு அந்தப் பிரதி எட்டாது.

எல்லாவற்றிற்கும் மேலாக, திருத்தங்களைத் தள்ளிப்போடாதீர்கள். 2017 மே 12 அன்று உலகை உலுக்கிய ‘வான்னாக்ரை’ நுழைந்த ஓட்டைக்கு 59 நாட்களுக்கு முன்பே திருத்தம் வந்திருந்தது. ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்றவர்களே பெரும்பாலும் அகப்பட்டார்கள்.

அப்படியும் பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். தீப்பிடித்த அறையிலிருந்து முதலில் கிளம்ப வேண்டியது கூக்குரல்தான் அல்லவா?