தலைக்கட்டு வரியும் நாடக மேடையும்

மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்கள்ல கோயிலுக்கு எதிர்த்தாப்புல ஒரு மேடை இருக்கும். நாடக மேடைன்னுதான் சொல்வோம். வருஷத்துல ரெண்டு மூணு ராத்திரிதான் அதுல நாடகம். மிச்ச நாள்ல நெல்லும் மிளகாயும் காயும். அந்த ரெண்டு ராத்திரிக்கு ஊரே காசு போட்டுச்சு. அந்தக் காசு எங்கெங்க போச்சுன்னு கொஞ்சம் சொல்றேன்.

நூறு வருஷத்துக்கு முந்தி நாடகம்னா கம்பெனி. டவுன்ல கொட்டகை போட்டு, டிக்கெட் வித்து, நாள்கணக்குல தங்கி நடத்துவாங்க. சங்கரதாஸ் சுவாமிகள் 1918ல மதுரையில சின்னப் பசங்களை வச்சு நடத்தின தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவும் கம்பெனிதான். அத்தனை பேருக்கும் சோறு போடணும், சீன் ஏத்த வண்டி வேணும். நாலு நாள் கூட்டம் வரலைன்னா கடன். 1931ல பேசும் படம் வந்ததும் கூட்டம் அந்தப் பக்கம் போச்சு, நல்ல நடிகருங்களும் போனாங்க. கம்பெனிங்க ஒவ்வொண்ணா கலைஞ்சுது.

ஸ்பெஷல் நாடகம் மட்டும் நின்னுச்சு. இதுல ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் வேற ஊர். ஒத்திகையே கிடையாது. சுவாமிகளோட வள்ளி திருமணமும் பவளக்கொடியும் எல்லாருக்கும் மனப்பாடம். அதனால அன்னிக்கு ராத்திரி மேடையில சந்திச்சாப் போதும், விடிய விடிய ஆடிடுவாங்க. ஊருக்கு ஒரு ராத்திரிக் கூலியோட செலவு முடிஞ்சுது. அந்தக் காசும் டிக்கெட்ல வர்றது இல்ல, தலைக்கட்டு வரி. அறுப்பு முடிஞ்ச கையோட வீட்டுக்கு இவ்வளவுன்னு போட்டுருவாங்க. ரொக்கம் இல்லாதவங்க நெல்லா அளந்தாங்க. கூட்டம் குறைஞ்சாலும் நடிகருக்குப் பேசின காசு உண்டு. சினிமாவுக்கு முன்னாடி இது தாக்குப்பிடிச்சதுக்கு இதுதான் காரணம்னு நான் நினைக்கிறேன்.

வரிப் பணத்துல ஏஜெண்டுக்கு ஒரு பங்கு, நடிகர் படம் போட்டு நோட்டீஸ் அடிக்கிற டவுன் அச்சாபீசுக்கு ஒரு பங்கு. சீன் வாடகை, மைக் செட், பந்தல்காரர், ஆர்மோனியம், மிருதங்கம்னு பிரியும். இது வெளிய போற காசு. உள்ள வர்ற காசும் இருக்கு. சுத்துப்பட்டுல இருந்து ஜனம் பாய், போர்வையோட வந்து குந்தும். டீக்கடை, முறுக்கு, அவிச்ச கடலை, வளையல், பலூன்னு விடியுற வரைக்கும் யாவாரம். நிலம் இல்லாத வீட்டுப் பொம்பளைங்களுக்கு அந்த ஒரு ராத்திரி கடலைக் காசு பெரிய காசு. அடுத்த வாரம் பக்கத்து ஊர்ல நாடகம்னா நம்ம காசு அங்க போகும். அப்படிச் சுத்திக்கிட்டே இருந்துச்சு.

எல்லாருக்கும் சுத்துச்சுன்னு சொன்னா பொய். பல ஊர்ல சேரிப் பக்கம் வரியே வாங்க மாட்டாங்க. சலுகைன்னு நினைச்சுடாதீங்க. வரி கொடுத்தவனுக்குத்தான் திருவிழாவுல பங்கு, மேடைக்கு முன்னாடி இடம். எங்ககிட்டயும் வரி வாங்குன்னு கேட்டு எத்தனை ஊர்ல சண்டை வந்திருக்கு. நடிக்க வந்த பொம்பளைங்க நிலைமையும் அதுதான். ராத்திரி வள்ளியா கும்பிட்ட ஊரு, விடிஞ்சா ஒரு வாய் தண்ணி கொடுக்கத் திண்ணைக்குக் கூப்பிடாது. ஊர் கண்ணு முழிக்கிறதுக்குள்ள அவங்க வண்டி ஏறிடணும்.

இவங்களுக்குப் பங்குனி, சித்திரை, வைகாசிதான் அறுப்பு. 2020 மார்ச் கடைசியில ஊரடங்கு வந்துச்சு, பங்குனி போச்சு. 2021 ஏப்ரல்ல மறுபடியும் திருவிழாவுக்குத் தடை. எனக்கு ஒரு போகம் போனா கடன் வாங்கி அடுத்த போகம் போடுவேன். ரெண்டு வருஷ சீசன் போன பபூனுக்கு யார் கடன் கொடுப்பா? கூலி வேலைக்குப் போனவங்கள்ல எல்லாரும் திரும்பி வரல.

இப்ப வரி திருப்பூர்ல இருந்தும் சிங்கப்பூர்ல இருந்தும் போன்லயே வந்துடுது. தொகை கூடியிருக்கு, ஆனா இளவட்டங்க ஆர்கெஸ்ட்ரா வைக்கச் சொல்றாங்க. அந்தக் கூட்டம் பன்னெண்டு மணிக்கெல்லாம் கலைஞ்சுடுது, கடலை விக்கிற அக்காவும் அப்பவே கூடையைத் தூக்கிடுது. உங்க ஊர்ல இருந்து வரி கேட்டுப் போன் வந்தா, நாடகம் உண்டான்னு ஒரு வார்த்தை கேளுங்க.