பேரும் காலக்கெடுவும்: இலங்கை மென்பொருள் தொழிலில் வேலை நெருக்கடியின் வரலாறு

இலங்கையில் மென்பொருள் தொழில் பெரும்பாலும் ஏற்றுமதித் தொழிலாகவே வளர்ந்ததால், அதன் பொறியியலாளர்களின் வேலை நேரத்தைக் கடல் கடந்த சந்தைகளே பெரிதும் தீர்மானித்து வந்துள்ளன. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வி. கே. சமரநாயக்க முன்னின்று உருவாக்கிய கணினிக் கல்வி இத்தொழிலுக்கு ஆளணியைத் தந்தது. 1996இல் தொடங்கிய மிலேனியம் ஐடி, விர்டுசா ஆகிய நிறுவனங்கள் அந்த ஆளணியைக் கொண்டு வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு மென்பொருள் எழுதின.

மிலேனியம் ஐடியை 2009இல் இலண்டன் பங்குச் சந்தை 3 கோடி அமெரிக்க டொலருக்கு வாங்கி, 2011 பெப்ரவரி 14 அன்று தன் பிரதான சந்தையை அந்நிறுவனத்தின் மென்பொருளுக்கு மாற்றியது. பதினொரு நாள் கழித்து, ஒரு தொழில்நுட்பக் கோளாற்றால் அங்கு வர்த்தகம் நான்கு மணி நேரத்துக்கும் மேல் நின்றது. குளிர்காலத்தில் இலண்டன் சந்தை திறக்கும் காலை 8 மணி இலங்கையில் பிற்பகல் 1.30, அது மூடும்போது இங்கே இரவு 10. இத்தகைய மென்பொருளைக் காப்போர் முறை வைத்து எந்நேரமும் அழைப்புக்குக் காத்திருப்பது இவ்வாறுதான் தொழிலின் இயல்பாயிற்று.

நிவித்திகல உள்ளிட்ட இரத்தினபுரித் தோட்டப்புறங்களுக்கு, வெளிச் சந்தைக்காக நேரம் பார்த்து உழைக்கும் இந்த நிலை புதிதன்று. இறப்பர் பால் விடியற்காலைக் குளிர்ச்சியில் நன்கு வடியும் என்பதால் வெயில் ஏறுமுன் பால் வெட்டவேண்டும். தேயிலை மலையிலோ, பிரட்டுக்களத்தில், அதாவது காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் இடத்தில் நாள் தொடங்கி, நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் அன்றைய கூலி 'அரைப் பேர்', அதாவது பாதி நாள் கூலி, ஆகக் குறையும். உலகச் சந்தைக்கான உற்பத்தியின் அவசரத்தைச் சுமந்தவை தொழிலாளியின் கைகளே. ஆயினும் 1939இல் உருவான இலங்கை இந்தியன் காங்கிரசும் அதன் வழிவந்த தொழிற்சங்கங்களும் அதனைத் தனியாளின் குறையாகக் கொள்ளாமல், கூலிப் பேச்சுக்கும் வேலைநிறுத்தத்துக்கும் உரிய பொதுப் பிரச்சினையாக்கின.

மென்பொருள் துறையின் நிலை வேறு. கடை, காரியாலய ஊழியர்களுக்கான 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் வழமையான வேலையை நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி என வரையறுத்தும், தோட்டத் துறையில் நிலைபெற்றது போன்ற பரவலான கூட்டு ஒப்பந்த மரபு மென்பொருள் துறையில் வேரூன்றவில்லை. அதனால் காலக்கெடு தவறினால் பொறியியலாளர் தம் திறமையையே சந்தேகிக்கிறார். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து பட்டம் பெற்று இத்துறைக்கு வரும் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலை மறந்துவிடத் தேவையில்லை; வேலையின் அளவு பேசித் தீர்க்கப்பட வேண்டியது என்ற அறிவு அவர்களுக்கு அங்கிருந்தே கிடைக்கிறது.