தாலாட்டும் ஒப்பாரியும்

இரத்தினபுரி என்றவுடன் மாணிக்கக் கற்களே பலருக்கும் நினைவில் எழும். அம்மாவட்டத்து இரப்பர், தேயிலைத் தோட்டங்களின் லயங்களில் வளர்ந்த பாட்டுச் செல்வத்தை எண்ணுவோர் சிலரே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து வந்த குடும்பங்கள் அதனை உடன் கொண்டுவந்தன. பிள்ளை பிறந்தால் தாலாட்டு, பெண் பெரியவளானால் நலங்கு, மாசியில் காமன் கூத்து, சாவில் தப்பும் ஒப்பாரியும் என இல்லத்து நிகழ்ச்சி ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டு இருந்தது. தொட்டிலை ஆட்டும் தாய், கங்காணியின் கொடுமையையும் பிரட்டுக்கு ஓடும் அவசரத்தையும் தாலாட்டிலேயே சொல்லிவிடுவாள். குழந்தைக்கு என்ன விளங்கும்? அடுத்த காம்பராக்காரிக்கு நன்றாக விளங்கும்!

1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1964-இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் நிலை பின்னரே முடிவாயிற்று. அண்ணன் ஒரு நாட்டுக்கும் தங்கை மறு நாட்டுக்கும் உரியவராயினர். இரத்தினபுரித் தோட்டங்களிலும் குடும்பங்கள் பிரிந்தன.

அப்போதுதான் ஒப்பாரி இடம் மாறிற்று. மாண்டவர்க்கே உரியதாயிருந்த பாட்டை, உயிரோடு புறப்படுவோரைக் கட்டிக்கொண்டு பெண்கள் பாடினர். தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச் சென்ற புகைவண்டிக்கு மலையகத்தார் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'.

சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983-இல் நூலாயிற்று. மறு ஆண்டு தலைமன்னார்-இராமேசுவரம் கப்பல் நின்றது. தோட்டங்களில் எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003-இல்.