தனியாள் செய்த கணினி விளையாட்டு: கட்டுப்படியாகுமா?

மலர்க் குழுவினர் கல்லூரி நினைவுகளை எழுதச் சொன்னார்கள். விடுதிச் சாம்பாரைப் பற்றி என்னைவிடச் சுவையாக எழுதக்கூடியவர்கள் நம்மில் பலர் உண்டு. அதை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன். சென்ற சந்திப்பின்போது இறுதியாண்டு மாணவர் ஒருவர், "சார், கேம்பஸ்ல வேலை கிடைச்சிருக்கு. ஆனா சொந்தமா வீடியோ கேம் பண்ணலாம்னு பார்க்கிறேன். கட்டுப்படியாகுமா?" என்று கேட்டார். அதற்குள் பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். கேள்வி நல்ல கேள்வி. ஏற்கெனவே செய்து பார்த்தவர்களின் கதையிலிருந்துதான் இதற்குப் பதில் தேட வேண்டும்.

எங்கள் காலத்துக் கணினிக் கூடம் பழைய மாணவர்களுக்கு நினைவிருக்கும். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, கோயிலுக்குள் போவதுபோல் போவோம். ஒன்றுக்குப் பத்தாகப் பிரதி எடுக்கப்பட்ட ஃப்ளாப்பிகளில் இரண்டு விளையாட்டுகள் நிச்சயம் இருக்கும்: டேஞ்சரஸ் டேவ், பிரின்ஸ் ஆஃப் பெர்சியா. இரண்டையுமே பெரிய படை ஒன்று செய்திருக்கும் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். இரண்டின் மூலத்தையும் எழுதியது ஒவ்வொரு ஆள்தான் என்பது பின்னாளில் தெரிந்தது.

பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவை எழுதியவர் ஜோர்டன் மெக்னர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே 'கராத்தேகா' என்றொரு விளையாட்டை எழுதினார். 1984இல் வந்த அது நன்றாக விற்றது. அந்த ராயல்டிப் பணம் கையில் இருந்த தைரியத்தில்தான் 1985இல் அடுத்ததைத் தொடங்கினார். தம்பிக்கு வெள்ளை உடை மாட்டி, ஓடவும் குதிக்கவும் விட்டு வீடியோ எடுத்தார். அதைப் படம் படமாக நிறுத்தி, கோடு வரைந்து, ஆப்பிள் 2 கணினிக்குள் ஏற்றினார். இளவரசன் விளிம்பைப் பிடித்துத் தொங்கும்போது நமக்கே தோள் வலித்ததே, அதன் ரகசியம் இதுதான். ஒரு கட்டத்தில் நினைவகம் நிரம்பிவிட்டது. புதிதாக ஓர் எதிரியை வரைய இடமில்லை. இளவரசனின் படத்தையே சற்று நகர்த்தி அதன் மேலேயே பதித்து, அந்த நிழல் மனிதனை உண்டாக்கினார். ஆட்டத்தில் எல்லோருக்கும் மறக்காத பாத்திரம் அதுதான்! இசை அமைத்துத் தந்தவர் அவருடைய அப்பா.

இவ்வளவும் செய்து 1989இல் வெளியிட்டால், விற்பனை படுமோசம். நான்கு ஆண்டுகளில் ஆப்பிள் 2 கணினியின் காலமே முடிந்துபோயிருந்தது. ஐபிஎம் பிசி, மெக்கின்டாஷ், ஜப்பானியக் கணினிகள் என்று மாற்றி எழுதப்பட்டு உலகைச் சுற்றிய பிறகுதான் அது வென்றது. அதுவரை தாக்குப்பிடிக்கப் பழைய ராயல்டி இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

டேஞ்சரஸ் டேவை எழுதிய ஜான் ரோமெரோவின் கதை வேறு. அவர் லூசியானா மாநிலத்து ஷ்ரீவ்போர்ட் நகரில், சாஃப்ட்டிஸ்க் என்ற கம்பெனியில் மாதச் சம்பளக்காரர். அங்கே ஜான் கார்மேக் முதலிய நண்பர்களோடு சேர்ந்து, இரவுகளிலும் வார இறுதிகளிலும் 'கமாண்டர் கீன்' என்ற விளையாட்டைச் செய்தார். கம்பெனிக் கணினிகளையே வார இறுதியில் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செய்தார்கள். 1990 டிசம்பரில் அதை அபோஜி என்ற வெளியீட்டாளர் மூலம் விட்டார்கள். முதல் பாகம் இலவசம், பிடித்திருந்தால் மற்ற பாகங்களைப் பணம் அனுப்பி வாங்கிக்கொள்ளலாம். அடுத்த மாதமே பத்தாயிரம் டாலருக்குச் சற்று மேல் செக் வந்தது. அதன் பிறகுதான் வேலையை விட்டு, 1991இல் ஐடி சாஃப்ட்வேரைத் தொடங்கினார்கள். 1993இல் வந்த 'டூம்' அவர்களுடையதே. ஆனால் கம்பெனிக் கணினியில் செய்த வினை சும்மா விடவில்லை. சமரசமாகப் பழைய முதலாளிக்கு மேலும் சில விளையாட்டுகளைச் செய்து கொடுக்க வேண்டியதாயிற்று. தம்பி தங்கைகளே, வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்முன், ஓய்வு நேரத்தில் நீங்கள் எழுதுவது யாருக்குச் சொந்தம் என்ற பத்தியை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள்.

உரிமை கைவிட்டுப் போனால் என்ன ஆகும் என்பதற்கு டெட்ரிஸ் ஒன்றே போதும். 1984இல் மாஸ்கோவில் அதை உருவாக்கிய அலெக்ஸி பஜித்னோவ், உரிமை சோவியத் அரசிடம் இருந்ததால், 1996 வரை ராயல்டி பார்க்கவில்லை.

"அதெல்லாம் பழங்கதை, இப்போ யார் வேணும்னாலும் வெளியிடலாமே" என்பீர்கள். சரிதான். 2008இல் ஆப்பிளின் ஆப் ஸ்டோர் திறந்தது. கணினி விளையாட்டுகளின் பெரிய கடையான ஸ்டீமில் 2017 முதல் நூறு டாலர் கட்டினால் போதும், கடை விரித்துவிடலாம். வினையும் அங்கேதான். 2024இல் மட்டும் ஸ்டீமில் 18,000க்கும் மேற்பட்ட விளையாட்டுகள் வந்தன. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐம்பது. பொங்கலுக்கு நாலு படம் வந்தாலே தியேட்டர் கிடைக்காமல் அல்லாடுகிற ஊர் நம்முடையது.

கணக்கையும் போட்டுப் பார்ப்போம். விலை 10 டாலர் என்றால் கடைக்காரருக்கு 30 சதவீதம் போக 7 டாலர். ஆயிரம் பிரதி விற்றால் 7,000 டாலர். இரண்டு பேர் இரண்டு வருஷம் உழைத்திருந்தால், தலைக்கு ஆண்டுக்கு 1,750 டாலர். நம் பணத்தில் ஒன்றரை லட்சம் ரூபாய் அளவுக்கு வரும். தள்ளுபடியும் வரியும் இன்னும் கழிக்கவில்லை.

எல்லோரும் உதாரணம் காட்டுகிற 'ஸ்டார்டூ வேலி'யைச் செய்த எரிக் பரோன், 2011இல் பட்டம் பெற்று வேலை கிடைக்காமல், நிரல் எழுதிப் பழகுவதற்காகத் தொடங்கியவர். படம், இசை, நிரல் எல்லாம் அவரே. நாலரை ஆண்டுகள்! அந்த நாட்களில் சியாட்டிலில் ஒரு தியேட்டரில் டிக்கெட் பார்த்து இருக்கை காட்டும் பகுதிநேர வேலை. வீட்டுச் செலவுக்குத் துணைவியின் சம்பளம். 2016இல் வெளிவந்தது, 2024 முடிவதற்குள் 4 கோடிப் பிரதிகளைத் தாண்டியது. நான்கு கோடியை எல்லோரும் சொல்கிறார்கள். அந்தத் துணைவியின் சம்பளத்தைத்தான் யாரும் சொல்வதில்லை.

என்னைக் கேட்டால், சின்னதாகச் செய்யுங்கள் என்பேன். 2023இல் டொராண்டோவின் விசை கேம்ஸ் வெளியிட்ட 'வெண்பா'வை அவசியம் விளையாடிப் பாருங்கள். 1988இல் கனடாவுக்குக் குடியேறிய தமிழ்க் குடும்பம். கிழிந்துபோன அம்மாவின் சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இட்லி, புட்டு, பிரியாணி என்று நாம்தான் சமைத்துத் தர வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா, சிறந்த முதல் படைப்புக்கான விருதை அதற்குத் தந்தது. என் வீட்டில் இட்லித் தட்டைத் தப்பாக அடுக்கி முதல் ஈட்டைக் கெடுத்தது என் மகள்தான். அவளுக்கு அந்தக் குறிப்பேடு அவ்வளவு பிடித்துப்போயிற்று.