முத்திய நாற்றும் பச்சை பிடிக்கும்! - வளர்ந்த குழந்தையைக் கடல் தாண்டித் தத்தெடுக்கிறீர்களா?

தஞ்சாவூர்ப் பக்கம் சொந்த ஊர் இருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும். மேட்டூர் அணையை ஜூன் 12-ம் தேதி திறப்பது வழக்கம். தண்ணி வர லேட்டானால் நாற்றங்காலில் நாற்று முத்திப்போகும். அதற்காக யாரும் அதைத் தூக்கிப் போட்டுவிடுவதில்லை. குத்துக்கு ரெண்டு மூணு வைக்கிற இடத்தில் நாலைந்து சேர்த்து, கொஞ்சம் நெருக்கி நட்டு, அடியுரத்தையும் கூட்டிக் கொடுப்பார்கள். நட்டதும் சில நாள் பழுத்துச் சோர்ந்துபோய் நிற்கும். வரப்பில் நிற்கிறவருக்கே 'இது தேறுமா?' என்று சந்தேகம் வரும். அப்புறம் ஒருநாள் பச்சை பிடிக்கும்.

ஆறு வயது, எட்டு வயது, பத்து வயதுக் குழந்தையைத் தத்தெடுப்பதும் கிட்டத்தட்ட இப்படித்தான். அதுவும் அந்தக் குழந்தை சிங்கப்பூருக்கோ, லண்டனுக்கோ, நியூஜெர்ஸிக்கோ போகப் போகிறது என்றால், மாறுவது வயல் மட்டுமல்ல. மண், தண்ணி, காற்று எல்லாமே.

வெளிநாட்டில் செட்டிலான உங்கள் அண்ணனோ, ஃபிரெண்டோ, ஏன் நீங்களேகூட இப்படி ஒரு யோசனையில் இருக்கலாம். நல்ல யோசனைதான். ஆனால், முழுசாகத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

ஏன் பெரிய குழந்தை?

தத்தெடுக்க வருகிற பெரும்பாலானோர் கேட்பது கைக்குழந்தையைத்தான். அதனால் கைக்குழந்தைக்கான காத்திருப்பு மூன்று ஆண்டுகளையும் தாண்டுகிறது. இன்னொரு பக்கம், விவரம் தெரிந்த குழந்தைகள் காப்பகத்தில் ஒவ்வொரு பிறந்தநாளையும் கடந்துகொண்டிருக்கிறார்கள். வயது ஏற ஏற, கேட்டு வருபவர்கள் குறைகிறார்கள்.

இந்தியாவில் தத்தெடுப்பை முறைப்படுத்தும் மத்திய அமைப்பு 'காரா'. 2024-25-ம் ஆண்டில் இதன் வழியாக 4,515 குழந்தைகள் தத்துக் கொடுக்கப்பட்டனர். அதில் 4,155 பேர் இந்தியாவுக்குள்ளேயே குடும்பம் கண்டவர்கள். மீதி சில நூறு குழந்தைகள்தான் வெளிநாடு போனவர்கள். உள்நாட்டில் பெற்றோர் கிடைக்காத பெரிய குழந்தைகள், அண்ணன் தங்கையாக ஒன்றாகப் போக வேண்டியவர்கள், சிறப்புக் கவனிப்பு தேவைப்படுபவர்கள் ஆகியோருக்கு இந்த வழி முக்கியமானது.

வயதுக் கணக்கும் இங்கே கொஞ்சம் தாராளம். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை வேண்டுமென்றால், கணவன் மனைவி வயதைக் கூட்டினால் 85-க்குள் இருக்க வேண்டும். 8 முதல் 18 வயது வரையுள்ள குழந்தை என்றால் 110 வரை போகலாம். தனி நபருக்கு அதிகபட்சம் 55. குழந்தைக்கும் பெற்றோருக்கும் குறைந்தது 25 வயது இடைவெளி வேண்டும். தனியாக வாழும் ஆண், பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது.

டெல்டா சொல்லிக்கொடுத்த பாடம்

2004 டிசம்பர் 26. சுனாமி நாகப்பட்டினம் கரையைப் புரட்டிப் போட்ட நாள். அப்பா அம்மா இருவரையும் இழந்த குழந்தைகள் பலர். பார்த்தவர்கள் மனசெல்லாம் உருகியது. குழந்தைகளைத் தத்தெடுக்கும் ஆர்வமும் எழுந்தது. ஆனால், அந்த அவசரத்துக்குத் தமிழக அரசு இடம் கொடுக்கவில்லை. உறவினர் யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று தேடினார்கள். யாரும் இல்லாதவர்களுக்காக நாகையில் அரசுக் காப்பகம் திறக்கப்பட்டது.

சுனாமியின்போது தஞ்சை ஆட்சியராக இருந்து, பிறகு நாகைக்கு வந்த ஜெ.ராதாகிருஷ்ணனும் அவர் மனைவியும் அந்தப் பிள்ளைகளோடு தொடர்பை விடவே இல்லை. 2022-ல், அங்கே வளர்ந்த ஒரு பெண்ணின் கல்யாணத்தை, அப்போது சுகாதாரத்துறைச் செயலராக இருந்த அவரே முன்னின்று நடத்தினார்.

இதில் நமக்கு என்ன இருக்கிறது? குழந்தைக்குக் குடும்பம் வேண்டும். ஆனால் சொந்தம், சொந்த ஊர், சொந்த மொழி ஆகியவற்றைத் தேடிப் பார்த்து, வழியில்லை என்ற பிறகுதான் கடல் தாண்டும் யோசனை வர வேண்டும். 1993-ல் உருவாகி, இந்தியா 2003-ல் ஏற்றுக்கொண்ட ஹேக் உடன்படிக்கை சொல்வதும் இதைத்தான்.

குறுக்கு வழி வேண்டவே வேண்டாம்

இந்த விதிகளெல்லாம் சும்மா வரவில்லை. வெளிநாட்டுத் தத்தில் நடந்த முறைகேடுகள் பற்றி வழக்கறிஞர் லட்சுமி காந்த் பாண்டே எழுதிய கடிதத்தை உச்ச நீதிமன்றம் வழக்காக எடுத்து, 1984-ல் நெறிமுறைகளை வகுத்தது. 1990-ல் காரா வந்தது. அதன் பிறகும், 1990-களின் கடைசியில் சென்னையில் கடத்தப்பட்ட குழந்தைகள் 'அநாதைகள்' என்ற பெயரில் வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்ட கொடுமை, பின்னாளில் போலீஸ் விசாரணையில் வெளிச்சத்துக்கு வந்தது. அங்கே பாசத்தோடு வளர்த்த பெற்றோருக்கும் அது தெரியாது. இங்கே பெற்றவள் வருஷக்கணக்கில் தேடிக்கொண்டிருந்தாள்.

பழைய முறைகேடுகளை ஆராய்ந்த நெதர்லாந்து, 2021-ல் வெளிநாட்டுத் தத்தையே நிறுத்திவைத்தது. சீனா 2024-ல் தன் குழந்தைகளைப் பொதுவாக வெளிநாட்டுக்குத் தத்துக் கொடுப்பதை முடித்துக்கொண்டது.

அதனால், "தெரிஞ்ச ஆஸ்பத்திரியில ஒரு குழந்தை இருக்கு, பேப்பர் எல்லாம் ரெடி பண்ணிடலாம்" என்று யாராவது சொன்னால், அந்த இடத்திலேயே கும்பிடு போட்டுவிடுங்கள். சட்டத்துக்குப் புறம்பாகத் தத்துக் கொடுத்தாலும் வாங்கினாலும் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. பணம் கொடுத்துக் குழந்தையை வாங்கினால் ஐந்து ஆண்டு வரை கடுங்காவல்.

சரியான பாதை எது?

* வெளிநாட்டில் இருப்பவர்கள், அந்த நாட்டில் அங்கீகாரம் பெற்ற தத்து முகமை அல்லது அரசு அமைப்பு வழியாகக் காராவில் பதிய வேண்டும். இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் என்.ஆர்.ஐ தம்பதிகளுக்கு உள்நாட்டில் வசிப்பவர்களுக்குச் சமமான முன்னுரிமை உண்டு.
* சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து ஆய்வறிக்கை தயாரிப்பார். வேலை, வருமானம், உடல்நலம் மட்டுமல்ல, உங்கள் மனசையும் படிப்பார். அங்கே நடிக்க வேண்டாம்.
* குழந்தையின் உடல்நல அறிக்கையும் பின்னணி அறிக்கையும் உங்களுக்குத் தரப்படும். ஒருமுறைக்கு நாலுமுறை படியுங்கள்.
* காராவின் தடையின்மைச் சான்றும், தத்து ஆணையும் வேண்டும். 2022 செப்டம்பர் முதல் இந்த ஆணையைக் கோர்ட்டுக்குப் பதில் மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார்.
* குழந்தை உங்களோடு வந்த பிறகு இரண்டு ஆண்டுகளுக்குக் கண்காணிப்பு தொடரும். முதல் ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒரு அறிக்கை, அடுத்த ஆண்டு ஆறு மாதத்துக்கு ஒன்று.

'அண்ணன் பொண்ணு தனியா நிக்குது, நாங்க கூட்டிட்டுப் போறோம்' என்கிற டெல்டா குடும்பங்களும் உண்டு. பெற்றோரின் உடன்பிறந்தவர்கள், தாத்தா பாட்டி ஆகியோருக்கு உறவுமுறைத் தத்து என்று தனி வழியே இருக்கிறது. ஆனால் அந்த நாட்டின் விசா சட்டத்தை முதலில் பாருங்கள். உதாரணமாக, அமெரிக்காவுக்கு என்றால் பொதுவாகக் குழந்தைக்கு 16 வயது ஆவதற்குள் மனு போட்டாக வேண்டும்.

முதல் ஆறு மாதம்: எதற்குத் தயாராக வேண்டும்?

ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். டெல்டா கிராமத்தில் பிறந்து, காப்பகத்தில் நாலு வருஷம் இருந்த எட்டு வயதுப் பெண் உங்கள் வீட்டுக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

*தேனிலவுக் காலம்:* முதல் சில வாரம் சொன்ன பேச்சைத் தட்டாத தங்கமாக இருப்பாள். 'ரொம்ப ஈஸியா செட்டாகிட்டா' என்று சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் போடுவீர்கள். அதன் பிறகுதான் அழுகை, கோபம், பொய் எல்லாம் வரும். இது கெட்ட புத்தி இல்லை. 'நான் மோசமா நடந்துக்கிட்டாலும் என்னை வெச்சுக்குவாங்களா?' என்று அவள் சோதித்துப் பார்க்கிறாள்.

*சாப்பாடு:* தலையணைக்கு அடியில் பிஸ்கட், புத்தகப் பையில் காய்ந்த ரொட்டி கிடைக்கலாம். பசியைப் பார்த்த குழந்தைக்கு அது பாதுகாப்பு. திட்டாமல், எப்போதும் எடுத்துக்கொள்ளும்படி அவளுக்கென்று ஒரு டப்பாவில் நொறுக்குத்தீனி போட்டு வையுங்கள். டப்பா காலியானால் நிரப்பிக்கொண்டே இருங்கள். ஒருநாள் அதை அவளே மறந்துபோவாள்.

*மொழி:* பேச ஆளில்லாவிட்டால் குழந்தைகள் தாய்மொழியை அதிவேகமாகத் தொலைத்துவிடுவார்கள். புது மொழியும் முழுசாக வந்திருக்காது. அந்த இடைவெளியில் வயிற்று வலியைக்கூட அவளால் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் தமிழில் 'எங்கம்மா வலிக்குது?' என்று கேட்க ஒரு ஆள் இருந்தால் அது மருந்தில் பாதி.

*பெயர்:* கூப்பிட வசதியாக இல்லை என்று பெயரை மாற்றாதீர்கள். ஊர், வீடு, உறவு எல்லாம் போன பிறகு அவள் கையோடு கொண்டுவந்த ஒரே சொத்து அதுதான்.

*ஸ்கூலும் நிறமும்:* வயதுக்கேற்ற வகுப்பில் உட்கார்ந்தால் பாடம் புரியாது. கீழ் வகுப்பில் போட்டால் அவமானமாக இருக்கும். பள்ளியோடு முன்கூட்டியே பேசுங்கள். வளர்ப்பவர்கள் வேறு இனத்தவராக இருந்தால், தோல் நிறத்தை வைத்து வரும் கேலிக்கும் பதில் சொல்லத் தயாராக இருக்க வேண்டும்.

*விட்டு வந்தவர்கள்:* காப்பகத்துத் தோழி, சமையல் செய்த அக்கா, எங்கோ இருக்கும் தம்பி... இவர்களை நினைத்து அழுதால், 'அதான் இப்போ நாங்க இருக்கோமே' என்று வாயை அடைக்காதீர்கள். கூட உட்காருங்கள். போதும்.

ஒரே வீடு, இரண்டு கதை

'லயன்' படம் பார்த்திருப்பீர்கள். மத்தியப் பிரதேசத்தின் காண்ட்வாவைச் சேர்ந்த சரூ, ரயிலில் தூங்கி கொல்கத்தாவில் தொலைந்து, 1987-ல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவுக்குத் தத்துப் போனவர். பாசமான பெற்றோர், நல்ல வாழ்க்கை. ஆனாலும் நினைவில் மிச்சமிருந்த ஒரு தண்ணீர்த் தொட்டியையும் ரயில் நிலையத்தையும் வைத்து, கூகுள் எர்த்தில் ராத்திரி ராத்திரியாகத் தேடி ஊரைக் கண்டுபிடித்தார். 2012-ல் அம்மாவைப் பார்த்தபோது பேசுவதற்கு இந்தி இல்லை.

அதே வீட்டுக்கு வந்த இன்னொரு இந்தியச் சிறுவனுக்குக் கதை அவ்வளவு சுலபமாக இல்லை. வருவதற்கு முன்பே பட்ட காயங்கள் அவரை நீண்டகாலம் துரத்தின. பெற்றோர் அதே பெற்றோர்தான். 'அன்பு இருந்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்ற நம்பிக்கை மட்டும் போதாது. மனநல ஆலோசகரின் உதவி, பொறுமை, வருஷக்கணக்கான நேரம் எல்லாம் வேண்டும்.

வேரைத் தேடுவது துரோகமும் இல்லை. சட்டமே அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது. 18 வயதுக்குப் பிறகு அவர்களே விண்ணப்பிக்கலாம்; அதற்கு முன் பெற்றோரோடு சேர்ந்து கேட்கலாம். பெற்றவரின் ரகசியத்துக்கும் மதிப்பு உண்டு என்பதால், எல்லாத் தகவலும் கிடைத்துவிடாது. ஆகவே கையில் இருப்பதையாவது பத்திரமாக வையுங்கள்: காப்பகத்தில் எடுத்த போட்டோ, பழைய உடுப்பு, ஊர்ப் பெயர் எழுதிய காகிதம்.

அப்படியானால் சந்தோஷம் எங்கே?

நிறையவே இருக்கிறது. கைக்குழந்தை உங்களைத் தேர்ந்தெடுப்பதில்லை. விவரம் தெரிந்த குழந்தையிடம் 'உனக்கு விருப்பமா?' என்று கேட்டாக வேண்டும். மாதக்கணக்கில் 'ஆன்ட்டி' என்றே கூப்பிட்டவள், ஒருநாள் ஸ்கூல் வேனிலிருந்து இறங்கி, யாரும் சொல்லிக்கொடுக்காமல் 'அம்மா' என்று ஓடிவருவாள். யோசித்து, சோதித்து, நம்பிய பிறகு வரும் வார்த்தை அது.

ஒரே ஒரு விஷயம். அந்த வார்த்தைக்கு நன்றியை எதிர்பார்க்காதீர்கள். 'நீ அதிர்ஷ்டசாலி' என்று சொல்லவும் விடாதீர்கள். குடும்பம் என்பது எந்தக் குழந்தைக்கும் கிடைக்க வேண்டியது. பரிசுச் சீட்டு அல்ல.

கையெழுத்துப் போடும் முன் ஐந்து கேள்விகள்

1. இரண்டு வருஷம் 'அம்மா', 'அப்பா' என்று கூப்பிடாவிட்டாலும் தாங்குவேனா?
2. முதல் சில மாதம் வேலையைக் குறைத்து வீட்டில் இருக்க முடியுமா?
3. அவள் மொழி பேச, அவள் சாப்பாடு சமைக்க ஆள் இருக்கிறதா?
4. பெற்ற அம்மாவைப் பற்றி அவள் பேசும்போது என் முகம் மாறாமல் இருக்குமா?
5. குழந்தையின் குடியுரிமைக் காகிதங்கள் முழுமையாக முடியும் வரை விடாமல் அலைவேனா?

இந்தியாவிலேயே இருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. 2024-ம் ஆண்டின் வளர்ப்புப் பராமரிப்பு வழிகாட்டுதல்படி, காப்பகத்தில் இருக்கும் 6 வயதுக்கு மேற்பட்ட குழந்தையைத் தகுதியுள்ளோர் வீட்டில் வைத்து வளர்க்கலாம். இரண்டு ஆண்டுக்குப் பிறகு தத்தெடுக்கவும் விண்ணப்பிக்கலாம். உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரியுங்கள்.

ஐந்தில் ஒன்றுக்கு 'தெரியலையே' என்று பதில் வந்தாலும் பரவாயில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருங்கள். தண்ணி வராமல் அவசரப்பட்டு யாரும் நடவு நடுவதில்லை. வந்துவிட்டது என்றால், அப்புறம் வரப்பில் நின்று வேடிக்கை பார்க்க முடியாது; வயலில் இறங்கிவிட வேண்டியதுதான்.